சொட்டு நின்ற குகை

செய்யூருக்கு மேற்கேயுள்ள வௌவால் பாறைக் குகைக்குள் நுழைய பூவாயி யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கடைகளில் யூரியா கண்ணில் படாத எழுபத்து நாலாம் வருஷம் அது. அவள் குத்தகை எடுத்த வேர்க்கடலை நிலத்துக்கு அந்தக் குகைதான் உரக்கிடங்கு.

உள்ளே அது தனி உலகம். கூரையில் வௌவால்கள், தரையில் அவற்றின் எச்சம், எச்சத்தைத் தின்னும் பூச்சிகள், பூச்சிக்காக நாக்கைத் தீட்டிக்கொண்டிருக்கும் தவளைகள். பாறை உச்சியின் சுனையில் தேங்கும் மழைநீர், வெடிப்பிலுள்ள சுண்ணாம்பு மண்ணில் ஊறி இறங்கி உள்ளே சொட்டும். தலைமுறை தலைமுறையாகச் சொட்டிய சுண்ணாம்பு முழங்கால் உயர வெள்ளைக் கல்லாக எழும்பியிருந்தது. ஊர் அதை வெள்ளையம்மன் என்று கும்பிட்டது. பூவாயி அதன்மேல் கூடையைச் சாய்த்து வைப்பாள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியும் சொட்டு விழவில்லை. பொம்பளை காலடி பட்ட தீட்டு என்று தீர்ப்புச் சொன்னார் தர்மகர்த்தா பக்தவச்சலம். குகை வாசலை முள் வைத்து அடைத்தார்கள். எருவில்லாமல் கடலை விளையாது. விளையாவிட்டால் குத்தகை நிலம் கைமாறிவிடும்.

"கம்முனு கெட. ஊரோட இன்னா வம்பு?" என்றான் புருஷன் மாயவன்.

"ஆடித் திருவிழாவுக்குப் பாறை மேல இன்னா பண்ணீங்க?"

"மேடை கட்டுனோம். சிமெண்டு போட்டு."

"எங்க?"

"சுனை மேல." அவன் குரல் இறங்கியது. "நானுந்தான் கலவை சுமந்தேன்."

"அம்மன் வாய அடச்சது நீ. தீட்டு எனக்கா?"

கலவை சுமந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் ஊரில் வாய் இல்லை.

மறுநாள் காலை கடப்பாரையோடு பாறை ஏறினாள். சத்தம் கேட்டு ஊர் கூடியது. சுனைப் பள்ளத்தை மூடிய மேடைமேல் மழைநீர் கணுக்கால் அளவு நின்றது.

"இன்னாடி பண்றே? சாமி மேடைடீ அது," என்றார் பக்தவச்சலம்.

"மேல தண்ணி நிக்குது, உள்ள உங்க சாமி தாகத்துல கீது. வழி உட்டுகினு கீறேன்."

யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள். சிமெண்டு உடைந்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு வெடிப்புக்குள் இறங்கியது. எல்லோரும் குகை வாசலுக்கு ஓடினார்கள்.

உச்சிவேளை ஆகியும் ஒரு சொட்டும் இல்லை. காய்ந்த மண் முதலில் தான் குடித்த பிறகுதானே கீழே விடும்?

"பாத்தியா? வரல," என்றார் பக்தவச்சலம்.

"மண்ணு நனைஞ்சா வரும். வரலன்னாலும் நான் உள்ள போவேன். உங்க கிட்ட பந்தயமா கட்டினேன்?"

முள்ளைக் கடப்பாரையால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். எரு வழிய நிரப்பிய கூடையை வாசல்வரை இழுத்து வந்தாள். தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும்.

"யாராவது ஒரு கை குடுங்க."

ஒருவரும் அசையவில்லை. மாயவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூவாயி பாதி எருவை அவர்கள் காலடியிலேயே கொட்டினாள். மீதியைத் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

"இத மிதிக்காதீங்க. திரும்பி வந்து எடுத்துக்குவேன்."

கூட்டம் விலகி வழிவிட்டது.