நூலில் தொங்கிய ஸ்பீக்கர்

நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பீக்கரைக் கெடுப்பதற்கு எனக்கும் என் நண்பருக்கும் ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்பட்டது. நான் கணபதிப் பக்கம் ஒரு பம்ப் பட்டறையில் தரம் பார்ப்பவன். பம்புக்குள் சுழலும் ஷாஃப்ட் தண்டு நடு விலகாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. நண்பர் டவுன்ஹால் பக்கம் நூல் கடை வைத்திருக்கிறார். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில், எங்கும் படாமல், அது முன்னும் பின்னும் ஆட வேண்டும். பட்டால் கரகரக்கும். அது விலகாமலிருக்க ஒரு மடிப்புத் துணி வட்டத்தை ஒட்டியிருப்பார்கள். அந்தத் துணிதான் மெல்லிய ஓசைகளை அமுக்கிவிடுகிறது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னேன். பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது.

"துணி எதுக்குங்ணா? நம்ம நைலான் நூல்ல மூணு பக்கமும் இழுத்துக் கட்டிப்போடலாங்க."

துணியைப் பிய்த்துவிட்டுக் கட்டினோம். சுருளைச் சுற்றி எக்ஸ்ரே பிலிம் துண்டுகளைச் செருகி நடுவில் நிறுத்தி, நூலைப் பசை வைத்து ஒட்டி, காய்ந்ததும் பிலிமை உருவினோம். பாடியது. தம்புராவின் கடைசி அதிர்வு வரை கேட்டது. அல்லது கேட்டதாக ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டோம்.

ஆனியில் பாலக்காட்டுக் காற்றும் சாரலும் வந்தன. சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, உங்க ஸ்பீக்கருக்குச் சளி புடிச்சிருக்குதுங்களா?"

ஈரத்தில் நூல் தளர்ந்து, சுருள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசிக்கொண்டிருந்தது. பாயை வரச் சொன்னேன்.

"நூல் தளந்துபோச்சுங்க, பாய்."

"எங்கட நூல் தளராதுங்க. நீங்க நிறுத்துனதுதானுங்க கோணல்."

"நடுவுல நிறுத்தறது எம் பொழப்புங்க."

"நூலு எம் பொழப்புங்க."

கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறியது. பக்கத்து அறையில் யாராவது இருந்திருந்தால் விருந்து உபசாரம் நடக்கிறது என்றே நினைத்திருப்பார்கள். பாய் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று கிளம்பினார். அதன்பின் வரவில்லை.

வீம்புக்கு நான் நூலை அறுத்தெறிந்து, ரவிக்கை லைனிங் துணியை நாடாவாக வெட்டிக் கட்டினேன். பாடியது. கூடவே உட்கார்ந்து தலையாட்ட ஆளில்லாததால், நன்றாகப் பாடுகிறதா என்று மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் புடவை ஓரம் அடிக்க நூல் வாங்கப் பாயின் கடைக்குப் போய்வந்த என் மனைவி சொன்னாள்: "அவரும் ஒண்ணு கட்டியிருக்காருங்க, நூலை மெழுகுல முக்கி. ஞாயித்துக்கெழமை எடுத்துட்டு வரச் சொல்லிப்போட்டேன்."

துண்டில் சுற்றிய ஸ்பீக்கரோடு பாய் வந்தார். இரண்டையும் சோடியாக வைத்தோம். அவருடையது கீச்சென்றது, என்னுடையது போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. பாட்டு முடிந்ததும் பாய் என் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்.

"உங்க துணி அருமைங்ணா," என்றார்.

"உங்க மெழுகுக்கு முன்னால நிக்குமுங்களா," என்றேன்.

இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறார்; இரண்டையும் சேர்த்துப் பாடவிடுகிறோம். காப்பியை வைத்துவிட்டு என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறாள்.