கூட்டுப் பட்டாவில் ஒரு பெயர்

அவளுக்கு நிலம் இல்லை என்று தெரிந்தே, இருக்கிறது என்று நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது நான் அலுவலகக் கண்காணிப்பாளர். அவள் அங்கே ஆய்வக உதவியாளர். விடுப்புத் தகராறு ஒன்றில் நிர்வாகம் அவளை நீக்கியது. வேலையைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றாள். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கட்ட வழியில்லாமல், தனக்குச் சொத்து இல்லை, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று வறியவர் மனுப் போட்டாள். அது முடிந்தால்தான் மேல்முறையீட்டுக்கு எண்ணே விழும். ஓய்வு வயதுக்கு ஆறு வருடம் இருந்தது. அதற்குள் தீர்ப்பு வந்தால்தான் அவளுக்கு மறுபடி வேலை.

சீவலப்பேரியில் ஒரு கூட்டுப் பட்டாவில் அண்ணன்மாரோடு அவள் பெயரும் இருப்பதை நான்தான் தேடி எடுத்தேன்.

"இது போதும் அண்ணாச்சி," என்றார் பள்ளியின் வக்கீல். "நிலம் இல்லைன்னு அந்தம்மா நிரூபிக்கட்டும். பைய நடக்கும்."

எங்கள் பக்கத்தில் தகப்பன் இறந்ததும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் பட்டாவில் ஏறும். வயலோ ஆண்பிள்ளைகள் கையில். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும் என்று பெண்கள் கேட்பதில்லை. எனக்கு இது நன்றாகவே தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் என் வயல் பட்டாவில் என் தங்கையின் பெயர் இருக்கிறது. அவளுக்கு ஒரு மரக்கால் நெல் நான் கொடுத்ததில்லை.

தாசில்தார் அறிக்கை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்ததில் சர்வே எண் தப்பு, திருப்பி அனுப்பினார்கள். நீதிபதி மாறினார். அண்ணன்மார் சாட்சிக்கு வரவில்லை. தங்கைக்குப் பங்கு தரவில்லை என்று கூண்டில் ஏறி யார் சொல்வார்கள்?

ஒரு வாய்தா நாளில் வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.

"சார், அந்த வயலு எங்கன இருக்குன்னாவது காட்டுங்க. நானும் ஒருதரம் போய்ப் பாத்துக்கிடுதேன்."

பக்கத்தில் நின்ற குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் ஓய்வு பெற்றபின் அவளுடைய வக்கீலிடம் போய், நான் கொடுத்தது பொய் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அன்றே முடிந்துவிடும் என்று நம்பினேன். இத்தனை வருடம் கோர்ட்டுக்கு அலைந்தும் எனக்கு அவ்வளவுதான் புத்தி. பள்ளியின் வக்கீல் எழுந்து, என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். அடுத்த முறை அவருக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த முறை வழக்குக் கட்டே நீதிபதியின் மேசைக்கு வரவில்லை. கூப்பிடுவார்கள் என்று பெஞ்சில் காத்திருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

போன மாதம் அவளுக்கு ஓய்வு வயது முடிந்தது. அதற்குப் பிறகு வந்த வாய்தாவிலும் என்னைக் கூப்பிடவில்லை.

"நல்லது செய்யணும்னுதான் வந்திய சார், தெரியுது," என்றாள். "வராம இருந்தியன்னா, ஆமான்னோ இல்லைன்னோ கோர்ட்டுல போன வருசமே சொல்லியிருப்பாவ."

அடுத்த தேதி அவள் காதில் விழவில்லையாம். அதை மட்டும் சொன்னேன்.