வெள்ளாற்றில் முளைத்த கேழ்வரகு

அது பொம்மை இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லி வாய் வலித்திருக்கிறது எனக்கு. ஃபெவிகால் வாங்கப் போன கடையில், ப்ளைவுட் துண்டு கேட்டுப் போன தச்சுப் பட்டறையில், வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடம். "கொழந்தைக்கா?" என்று கேட்பார்கள். எனக்குத்தான் என்றால் மேலும் கீழும் ஒரு பார்வை. அப்போது எனக்குக் குழந்தை இல்லை. "பரவால்ல, பொறக்கப்போற புள்ள வெளயாடும்" என்று ஆறுதல் வேறு. யார் கேட்டார்கள் ஆறுதலை?

நானும் என் தோழியும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்ப் படித்தவர்கள். பிறகு அவள் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டாள். நான் கடலூரிலேயே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். அகலப்பாதை போடுவதற்காக அந்த மீட்டர் கேஜ் லைனை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அப்போது அவளுடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து கையளவு இன்ஜின் ஒன்றும், நாலு பெட்டியும், ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தண்டவாளமும் கொண்டுவந்தான். "நாமளே போட்டுருவோம்டி லைன" என்றாள் அவள்.

அவள் வீட்டிலும் இடம் கிடையாது, என் வீட்டிலும் கிடையாது. அதனால் துண்டு துண்டாகச் செய்தோம். ஒவ்வொரு துண்டும் கட்டிலுக்கு அடியில் நுழைகிற அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகை. அதன்மேல் ஒரு ஸ்டேஷன், அல்லது ஒரு லெவல் கிராசிங், அல்லது வெறும் சவுக்குத் தோப்பு. யார் எங்கே செய்தாலும் பரவாயில்லை, துண்டின் இரண்டு முனையும் மட்டும் இம்மி பிசகக் கூடாது. பலகையின் உயரம், தண்டவாளம் வந்து முடிகிற இடம், எல்லாம் ஒன்றுபோல இருந்தால்தான் பக்கத்துத் துண்டோடு சேரும். கனத்த அட்டையில் ஓர் அளவு வெட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாறு வரை என் பங்கு. வெள்ளாற்றிலிருந்து சிதம்பரம் வரை அவள் பங்கு. பாலத்தைச் சரிபாதியாக வெட்டி, பாதி ஆறு எனக்கு, பாதி ஆறு அவளுக்கு.

என் பாதியை நான் செய்த விதத்தைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். ஜல்லிக்கு மணலை டீ வடிகட்டியில் சலித்தேன். கரையோரப் புல்லுக்கு மரத்தூளைப் போஸ்டர் கலரில் ஊறவைத்துக் காயவைத்தேன். தந்திக் கம்பத்துக்குத் துடைப்பக்குச்சி. தண்ணீருக்கு டிஷ்யூ பேப்பரை ஒட்டி, பெயின்ட் அடித்து, வார்னிஷை மேல்மேலாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும் வரை தூசி விழாமல் கொசுவலையில் மூடிவைத்தேன். சாயங்கால வெயிலில் வெள்ளாறு எப்படிக் கலங்கலாகப் பளபளக்குமோ அப்படியே வந்தது. நான் பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிகிற நேரத்தில் அவள் கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, அவளும் கூடப் போவதென்று ஆகிவிட்டது. நவராத்திரி நடுவிலேயே விமானம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். அன்று அவள் வீட்டுக் கூடத்தில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கும், சிதம்பரத்திலிருந்து கடலூருக்கும் ஒரே ஒரு தடவையாவது ரயில் விட்டுப் பார்த்துவிட வேண்டும். மற்ற துண்டுகளை முன்பே கொஞ்சம் கொஞ்சமாக அங்கே சேர்த்துவிட்டேன். வெள்ளாறு மட்டும் என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை கட்டிலுக்கு அடியில் கையை விட்டால் ஆற்றைக் காணோம்.

"மாமா, இங்க இருந்த பாலம் எங்க?"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஹவுஸ் ஓனரக்கா கொலுவுக்குக் கேட்டாங்க, குடுத்தேன். சும்மாதான கெடந்துது."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"ஒரு பொம்மையக் குடுக்கறதுக்கு யாரக் கேக்கணும்?"

அவருடைய பைக்கைச் சொந்தத் தம்பி கேட்டாலே ஆயிரம் சாக்குச் சொல்லுகிற மனுஷன் அவர்.

கீழே ஓடினேன். வெள்ளிக்கிழமை வரை எனக்குச் சாயங்கால டியூட்டி, வெற்றிலை பாக்குக்குக்கூடப் போகவில்லை. கொலுப்படிக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டிப் பார்க் வைத்திருந்தார்கள். நடுவில் என் வெள்ளாறு. பார்க்கில் பச்சைப்பசேலென்று முளைத்து நிற்க வேண்டும் என்று கேழ்வரகைத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது வழக்கமல்லவா? அந்த அக்கா என் கரையிலும் தூவியிருந்தாள், ஜல்லியிலும் தூவியிருந்தாள். தண்டவாளத்துக்கு நடுவே விரல் நீளத்துக்கு நாற்று. ஆற்றில் நிஜத் தண்ணீரை ஊற்றி ஒரு பிளாஸ்டிக் வாத்தை வேறு விட்டிருந்தாள். வார்னிஷ் வெளுத்துக் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அந்த வாத்தின் கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது.

"எவ்ளோ அழகா இருக்கு பாத்தியா? வர்றவங்கல்லாம் கேக்கறாங்க" என்றாள் அக்கா. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அக்கா, இது எனக்கு இப்பவே வேணும். நாளைக்குச் சிதம்பரம் கொண்டுபோவணும்."

"கொலு வெச்சதை நடுவுல எடுத்தா ஆவுமா? விஜயதசமி அன்னிக்கு ஒரு பொம்மையப் படுக்க வெச்சிட்டு, மறுநாள் நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"விஜயதசமிக்கு அவ ஊர்லயே இருக்க மாட்டாக்கா."

"அதுக்கு நான் என்ன செய்ய? கலைச்சா குடும்பத்துக்கு ஆவாதும்மா. உனக்கும் ஒரு புள்ள பொறக்க வேணாமா?"

அதோடு சரி. குனிந்து, மணலோடும் நாற்றோடும் பலகையைத் தூக்கினேன். பாட வந்திருந்த பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். தண்ணீர் என் புடவையெல்லாம் வழிந்தது. மாடிப்படியில் என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "ஒரு பொம்மைக்காக வீட்டையே காலி பண்ண வெச்சிடுவ போலிருக்கே" என்றார். அவர் சொன்னபடி தை மாதம் வீடு மாறினோம். அதற்கும் பழி என் தலையில்தான்.

மறுநாள் பஸ்ஸில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துகொண்டே போனேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கொலு பொம்மையா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கொடுத்து நகர்ந்தார்.

அவள் வீட்டுக் கூடத்தில் பாதி சாமான் கட்டியாகிவிட்டது. மீதி இடத்தில் எங்கள் லைன் நீண்டு கிடந்தது. இரண்டு பாதி ஆற்றையும் சேர்த்து வைத்தோம். என் பாதி ஊறி உப்பியிருந்தது. அவள் அட்டை அளவை எடுத்து முனையில் வைத்துப் பார்த்தாள். ஒரு தீக்குச்சிக் கனம் என் பக்கம் தூக்கியிருந்தது. அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அவள் பக்கத்துக்கு அடியில் அட்டையைச் செருகினோம், அதற்கு அடுத்த துண்டோடு பிசகியது. பலகையே முறுக்கிக்கொண்டிருந்தது, என்ன செய்தும் படியவில்லை.

"வுடுடி பாப்போம்" என்று இன்ஜினை வைத்தாள்.

திருப்பாதிரிப்புலியூரில் கிளம்பி, கெடிலத்தைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வந்தது. பாலத்தின் நடுவில் தொப்பென்று ஒரு குதி குதித்து அவள் பக்கம் இறங்கி, கிள்ளை தாண்டிச் சிதம்பரத்தில் போய் நின்றது. கை தட்டினாள். திருப்பி விட்டோம். அந்த மேட்டில் முட்டிச் சக்கரம் சுழன்றதே தவிர ஏறவில்லை. தள்ளிவிட்டால் தடம் புரண்டது. எத்தனை தடவை விட்டாலும் அதே கதைதான்.

"பரவால்லடி, இங்க வந்து சேந்துச்சில்ல, அது போதும்" என்றாள்.

"எனக்குப் போதாது" என்று கத்தினேன். அவள் மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். வெட்கமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் கணவரைத் திட்டினேன், அந்த அக்காவைத் திட்டினேன், மஸ்கட்டையும் விடவில்லை. அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கிளம்பும்போது கேட்டேன்: "உன் துண்டையெல்லாம் என்கிட்ட குடுத்துட்டுப் போயேன். நீ வர்றதுக்குள்ள என் பாதிய புதுசா செஞ்சு வெக்கிறேன்."

அவள் தன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் அம்மா வீட்டுப் பரணுக்குப் போகிறது என்றாள்.

"ஏன்டி, என் வீட்ல இருந்தா என்ன?"

"வேணாம்டி. நீ டியூட்டிக்குப் போயிருக்கச்சொல்ல உன் வூட்டுக்காரரு அடுத்த கொலுவுக்கு எடுத்துக் குடுத்துருவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு துண்டுகூட அவள் என் கையில் தரவில்லை.