ஊருக்கெல்லாம் ஒரே எழுத்து

தேரடி வீதியில் கம்ப்யூட்டர் வைத்துக் கடை போர்டும் நோட்டீஸும் செய்து கொடுத்தவர் அவர். தடித்த கண்ணாடி, வெற்றிலை வாய். அடித்த பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் பிரிண்ட் கொடுப்பார். லாட்ஜ், பேக்கரி, பைனான்ஸ் எல்லாவற்றுக்கும் வால் சுருண்ட அதே குண்டெழுத்து. கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் அதையே போட்டார்.

"வேற எழுத்து இல்லீங்களா?"

"நிறைய இருக்குதுங்க. ஊரே இதுலதான் படிச்சுப் பழகியிருக்கு. செங்கம் பஸ்ல போறவங்க கண்ணுலகூட அப்பா பேரு பட்டுடும்."

பிறகு அப்பா பெயரை மெதுவாகப் படித்தார்.

போஸ்டர் அந்த வாரம் பெய்த மழையிலேயே கிழிந்துபோனது. ஆனால் இப்போதும் பேக்கரி போர்டை நிமிர்ந்து பார்த்தால், அப்பா பெயர் அவர் குரலில் கேட்கிறது.