திரும்ப மேலே போகிறவர்

சாப்பாட்டு மேசையை இடப்பக்கமாகச் சுற்றி வருகிறார் ஜேசுதாசன். கையில் காப்பி. மேசையின் நீளப் பக்கம் வந்ததும் நின்று, இடுப்பு வார், சட்டைப்பை, மூக்குக்கண்ணாடி என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டவுன்விண்ட்" என்று சமையலறைப் பக்கம் அறிவிக்கிறார். "தோசை ஆறுது" என்று மனைவியின் பதில் வருகிறது. திருப்தியோடு அடுத்த மூலையில் திரும்புகிறார்.

பொங்கோலில் என் பக்கத்து வீட்டுக்காரர். ஜாலான் புசாரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருட எழுத்தர். ஐம்பத்திரண்டு வயதில் சிறிய விமானம் ஓட்டும் உரிமம் வாங்கினார். ஞாயிறுதோறும் எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு விமான கிளப்புக்குப் போய் ஓடுபாதையைச் செவ்வகமாகச் சுற்றிச் சுற்றி இறங்குகிறார். அந்தச் செவ்வகத்தின் ஒரு நீளப் பக்கத்துக்குப் பெயர்தான் டவுன்விண்ட். எங்கே திரும்புவது, எங்கே சரிபார்ப்பது, எப்போது ரேடியோவில் சொல்வது, எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அந்த முறையை மேலேயே விட்டுவிட்டு வந்தால் நாங்கள் பிழைத்தோம். தேக்கா உணவங்காடியில் பிரியாணித் தட்டோடு திரும்புமுன் இரண்டு பக்கமும் பார்த்து "கிளியர்" என்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் கார் ஒரே முயற்சியில் கோட்டுக்குள் அடங்காவிட்டால் முன்னும் பின்னும் நகர்த்த மாட்டார். மாடி முழுதும் சுற்றித் திரும்ப வருவார். ஒருமுறை அதற்குள் வேறொருவர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார்.

"சரியா வரலன்னா திரும்ப மேல போயிடணும் லா. அதுல என்ன வெட்கம்," என்றார் என்னிடம், இடம் தேடி ஏறிய ஐந்தாம் மாடியில்.

அவருக்கு ஒரே ஆசை. மனைவி மனோரஞ்சிதம் அக்கா ஒரு தடவையாவது விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். மூன்று வருடமாகக் கேட்கிறார். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. போன ஞாயிறு அக்காவின் தம்பி பிரேம் வீடியோ எடுக்கக் கிளம்பியதால், வேடிக்கை பார்க்க மட்டும் என்று சொல்லிவிட்டு அக்காவும் வந்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தது. ஜேசுதாசன் தனியாக ஏறிப் பறந்து, சுற்றி, இறங்க வந்தார். தரையைத் தொடப்போகும் நேரத்தில் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. எஞ்சின் உறுமியது, மறுபடி மேலே போய்விட்டார். இரண்டாவது முறையும் அதே கதை. கிளப் கேன்டீனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தானுக்கு இறங்கவே பயம் என்று பிரேம் போனைத் தாழ்த்தினான். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

வியர்வையில் நனைந்த சட்டையோடு வந்தவர் அன்று மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காதான் ஆரம்பித்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்க, தெரியுமா?"

"மேல கேக்காது. கேட்டிருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்."

அக்கா விமானத்தின் பக்கம் திரும்பினார். "நான் எந்தப் பக்கம் ஏறணும்?"

மூன்று வருடம் காத்திருந்த மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் காற்றின் வேகத்தைக் காட்டி ஆடிய துணிக்குழாயை அண்ணாந்து பார்த்தார். "காத்து அடங்கட்டும்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா கைப்பையை என்னிடம் கொடுத்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, நாற்காலியைக் கம்பத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.