கூட யாரு வந்திருக்காங்க?

சாப்பிட்டதும் எழுந்து நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, முதுகை நிமிர்த்தி மூச்சைப் பிடிப்பேன். நெஞ்சில் நின்ற சோறு அப்போதுதான் கீழே இறங்கும். நான் வேலை பார்த்த ஹாம்பர்க் மருத்துவமனைக் கேன்டீனில் இதைப் பார்த்த சகாக்கள் "யோகா?" என்று கேட்டார்கள். ஓய்வுபெற்றுத் திருவண்ணாமலைக்குத் திரும்பி, செங்கம் சாலையில் வாடகை அறை எடுத்தபின் அது பக்தியாகிவிட்டது. அறையின் ஜன்னல் மலையைப் பார்த்தது என் குற்றமல்ல.

"மூணு வேளையும் கும்பிடறீங்களே சார், அப்படி என்ன வேண்டுதல்?" என்றாள் வீட்டுச் சொந்தக்காரி பத்மா.

"இட்லி இறங்கணும்னு."

"கிண்டல் ஜாஸ்தி சார் உங்களுக்கு."

ஹாம்பர்க் டாக்டர்கள் அமிலம் என்றார்கள், இங்கே வாயு என்றார்கள். இரண்டுக்கும் மாத்திரை இருந்தது. பிறகு ஒருநாள் சித்திரை வெயிலில் குளிர்க்காய்ச்சல் வந்தது. படுத்தால் நெஞ்சு வலித்தது, மூச்சு முட்டியது. பத்மா ஆம்புலன்ஸில் கூடவே ஏறி வேலூருக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டர் விளக்கினார். உணவுக்குழாயின் அடிவாய் திறக்க மறுக்கிறதாம். தேங்கிய சோறு அழுகி, குழாயைப் புண்ணாக்கி ஓட்டையிட்டிருக்கிறது. அதன் வழியே கிருமிகள் இதயத்தைச் சுற்றிய உறைக்குள் புகுந்து சீழ் கட்டிவிட்டது. உடனே வடிக்காவிட்டால் இதயம் நெரிபட்டு நின்றுவிடும்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்றார் நர்ஸ்.

"நெனவோட இருக்கறவன் கையெழுத்தே போதும்மா. சட்டம் அதான்."

"சட்டம் இருக்கட்டும் சார். மயக்கம் குடுத்தப்புறம் நாங்க யார்கிட்ட பேசறது?"

ஹாம்பர்க்கில் நோயாளிகளைச் சேர்க்கும் பிரிவில்தான் நான் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு கேள்வியை யாரையும் கேட்டதில்லை. காப்பீட்டு அட்டையைக் கேட்டேன். தனியாக வந்தவர்கள் தாங்களே கையெழுத்திட்டு, தனியாகவே லிஃப்டில் ஏறினார்கள். அங்கே இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

"நான் தங்கச்சிங்க. எங்க அண்ணன்தான், குடுங்க போட்றேன்" என்றாள் பத்மா. அதுவரை என்னை சார் என்று மட்டுமே அழைத்தவள்.

சீழை வடித்தார்கள், ஓட்டையை அடைத்தார்கள். பிழைத்தேன். அடிவாயைத் திறந்துவிடும் அறுவைச் சிகிச்சை மட்டும் பாக்கி; அதைச் செய்யாவிட்டால் மறுபடி வரும் என்கிறார்கள்.

"இங்க வாங்கப்பா. எல்லாம் இன்ஷூரன்ஸ்ல வரும்" என்று மகள் ஹாம்பர்க்கிலிருந்து அழைக்கிறாள்.

"கண்ணு முழிக்கும்போது அங்க பக்கத்துல யாரு இருப்பா? பொண்ணு ஆபீஸ் போய்டும்" என்கிறாள் பத்மா.

மகளிடம் வருகிறேன் என்றேன். பத்மாவிடம் இங்கேயே என்றேன். இரண்டையும் சொல்லும்போது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

பெட்டி பாதி அடுக்கியபடி அறையில் திறந்து கிடக்கிறது. அதன் மூடிமேல் பத்மா என் ஈரத் துண்டை உலர்த்தியிருக்கிறாள்.