இரண்டாவது கியர்

காஷ்மீரிலிருந்து சைக்கிளிலேயே ஊர் வந்து சேர்ந்தவருக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டுக்கொண்டிருந்தோம். வழிநெடுக அவர் பின்னாலேயே வேன் ஓட்டிவந்த மனைவி மட்டும் இறங்கவில்லை. ஜன்னலோரம் இருந்த வலக்கை மட்டும் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது. இடக்கை கியரை ஆட்டிக்கொண்டே இருந்தது. என்ஜினையும் அணைக்கவில்லை.

"இறங்குங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்றேன்.

"அவரை எடுங்க சார். இத்தனை நாளும் அவரு முதுகைப் பாத்துக்கிட்டே ரெண்டாவது கியர்ல வந்துட்டேன். ஒரே ஒரு தடவ நாலாவது போட்டுட்டு வந்துடுறேன்."

"எங்கம்மா போறீங்க?"

"பெரம்பலூர் வரைக்கும். அவருகிட்ட சொல்லிடுங்க."

நான் சொல்வதற்குள் வேன் பறந்துவிட்டது.

அன்று எடுத்த ஒரு போட்டோவிலும் அந்த அம்மாள் இல்லை. எல்லாவற்றிலும் மாலையும் கழுத்துமாக அவர் கணவர், வேன் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.